இளைத்த மாடும் நிற்காத சினையும்

கன்று ஈன்ற பசு ஏன் காலத்தில் பருவத்துக்கு வருவதில்லை, வந்தாலும் ஏன் சினை நிற்பதில்லை என்ற கேள்விக்குக் கால்நடை அறிவியல் பல பத்தாண்டுகளாக ஒரு விடையையே முன்னிறுத்தி வருகிறது: ஆற்றல் பற்றாக்குறை. ஈன்ற நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் பால் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. தீனி எடுக்கும் அளவு உச்சத்துக்கு வர எட்டு முதல் பத்து வாரம் ஆகிறது. இடைப்பட்ட நாட்களில் மாடு தன் உடற்கொழுப்பைக் கரைத்து மடிக்கு அனுப்புகிறது. அந்தச் செலவின் சுமை சினைப்பையில் போய் விடிகிறது என்பது கோட்பாட்டின் சாரம்.

பாடநூலிலிருந்து தீவனக் கம்பெனித் துண்டறிக்கை வரை ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இது. ஆனால் இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நின்றுபோன சினைச்சுழற்சி எப்போது திரும்புகிறது என்பது ஒன்று. திரும்பிய பிறகு போடும் கருவூட்டல் ஏன் நிற்கிறது அல்லது தவறுகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கிடைத்த சான்றின் பெருமையை இரண்டாவதும் சேர்த்து அனுபவித்து வருகிறது. இரண்டையும் பிரித்து எடை போட்டால்தான் தீர்ப்பு நேராகும்.

முதல் கேள்வியில் கோட்பாடு உறுதியாக நிற்கிறது. ஈன்ற முதல் வாரத்திலேயே எஃப்எஸ்எச் ஹார்மோன் எழுகிறது. கருமுட்டையைச் சுமக்கும் ஃபாலிக்கிள்களின் முதல் அலை வளரத் தொடங்குகிறது. பத்துப் பதினான்கு நாளில் அவற்றில் ஒன்று முந்தி நிற்கிறது. ஆக, ஃபாலிக்கிள் வளர்வதில் தடை இல்லை. அது வெடித்து முட்டை வெளிவர வேண்டுமானால் எல்எச் ஹார்மோன் ஏறக்குறைய மணிக்கொரு துடிப்பாக வர வேண்டும். பற்றாக்குறை கடுமையாக இருக்கும் மாட்டில் அந்தத் துடிப்பு அருகிவிடுகிறது. கூடவே இன்சுலினும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் தாழ்ந்து கிடப்பதால், ஃபாலிக்கிள் பருவத்தைத் தூண்டப் போதுமான ஈஸ்ட்ரஜனைச் சுரக்க முடியாமல் வாடிப்போகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்லரின் குழு இதைப் படிப்படியாகக் காட்டியது: பற்றாக்குறை அதன் அடித்தளத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகு, சராசரியாகப் பத்து நாளில் முதல் முட்டை வெளியாகிறது.

இந்தப் பகுதியில் நான் மிக உயர்வாக மதிப்பது இன்சுலின் செலுத்திய சோதனை. ஈன்ற மாட்டில் வளர்ச்சி ஹார்மோன் உயர்ந்திருக்கிறது, அதன் கட்டளைப்படி கல்லீரல் சுரக்க வேண்டிய ஐஜிஎஃப்-1 தாழ்ந்திருக்கிறது. கல்லீரல் அந்த ஹார்மோனை ஏற்கும் வாயில்களைக் குறைத்துவிட்டதுதான் காரணம் என்றால், இன்சுலினை உயர்த்தினால் வாயில்கள் மீள வேண்டும். இரத்தச் சர்க்கரையை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு இன்சுலினை மட்டும் செலுத்தினார்கள். வாயில்கள் மீண்டன, ஐஜிஎஃப்-1 ஏறியது. காரணம் என்று சொல்லப்பட்டதை ஆய்வாளரே தன் கையால் மாற்றி விளைவைப் பார்த்த ஆய்வு இது. இந்தத் துறையில் அத்தகைய ஆய்வுகள் அரிது என்பது மேலே செல்லச் செல்லத் தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி. இதன் மூலக்கல் 1989-இல் பட்லரும் ஸ்மித்தும் வெளியிட்ட ஒரு சிறிய அட்டவணை. ஈன்ற பின் மாடு எவ்வளவு இளைத்தது என்பதை ஒன்று முதல் ஐந்து வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணால் அளந்து, முதல் கருவூட்டலில் எத்தனை நின்றன என்று வகுத்தார்கள். அரைப் புள்ளிக்கும் குறைவாக இளைத்தவற்றில் 65 விழுக்காடு, அரை முதல் ஒன்று வரை இளைத்தவற்றில் 53, ஒன்றுக்கு மேல் இளைத்தவற்றில் 17. பிந்தைய கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் மேற்கோளாக வந்த எண்கள் இவை. எண்ணுக்குப் பின்னால் எத்தனை மாடு என்பதைச் சொல்பவர் குறைவு. முதல் குழுவில் 17, நடுவில் 64, கடைசியில் 12. அந்த 17 விழுக்காடு என்பது பன்னிரண்டில் இரண்டு மாடு.

புள்ளியியல் கணக்குப்படி, பன்னிரண்டில் இரண்டு என்பது 2 முதல் 48 விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம். பதினேழில் பதினொன்று என்பது 38 முதல் 86 வரை. இரு எல்லைக் குழுக்களுக்கும் இடையே உண்மையான வேறுபாடு உண்டு என்பதை நேரடிச் சோதனை ஏற்கிறது, அந்த அளவில் அட்டவணை நேர்மையானது. ஆனால் வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லவில்லை. எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் பிறர் அதை எடுத்தாண்டார்கள். ஆசிரியர்களின் குற்றத்தைவிட மேற்கோள் காட்டியவர்களின் குற்றமே இங்கே பெரிது. பெரும்பான்மையான 64 மாடுகள் நடுக் குழுவில் இருந்தன, அவற்றில் பாதிக்கு மேல் முதல் ஊசியிலேயே சினை நின்றது. மிதமான இளைப்பு இயல்பானது, பெரும் கேடில்லை என்ற செய்தி அந்த அட்டவணைக்குள்ளேயே இருந்தும் யாரும் எடுத்துப் பேசவில்லை.

அட்டவணை கேட்டு நின்ற விளக்கத்தை 1992-இல் ஜாக் பிரிட் தந்தார். இளைப்பு நடப்பது ஈன்ற முதல் மாதத்தில்; கருவூட்டல் நடப்பது மூன்றாம் மாதத்தில். அதற்குள் இரத்தத்தில் எல்லாம் சீராகிவிட்டிருக்க, பழைய பட்டினி எப்படி இன்றைய சினையைக் கெடுக்கும்? பிரிட்டின் ஊகம்: ஒரு ஃபாலிக்கிள் உறக்கம் கலைந்து முட்டையை வெளிவிடும் வரை 60 முதல் 80 நாட்கள் ஆகின்றன. ஆகவே மூன்றாம் மாதத்தில் வெளிவரும் முட்டை, பட்டினிக் காலத்தில் வளரத் தொடங்கிய முட்டை. சேதம் அப்போதே நேர்ந்துவிட்டது.

அழகான ஊகம். காலக் கணக்கு பொருந்துகிறது, ஒரே ஒரு கருத்தால் பல முரண்கள் தீர்கின்றன. இவ்வளவு அழகே இதன் குறையும் ஆயிற்று. கெண்ட் (Ghent) பல்கலைக்கழகத்தில் லெராய் குழுவினர் ஈன்ற மாட்டின் ஃபாலிக்கிள் நீரில் கொழுப்பு அமிலங்கள் ஏறுவதை அளந்தார்கள். அதே அளவில் பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்களைச் சேர்த்து ஆய்வகத்தில் முட்டையை முதிர்வித்தால் அது கெடுகிறது என்றும் காட்டினார்கள். முறையில் பழுதில்லை. ஆனால் சோதித்தது முதிரும் நிலையில் இருக்கும் முட்டையை. பிரிட் பேசுவது அதற்கு இரண்டு மாதம் முந்திய, கண்ணுக்குத் தெரியாத அளவிலுள்ள ஃபாலிக்கிளை. அந்த நிலையில் விழுந்த அடி கடைசி வரை தழும்பாக நிற்கிறது என்பதற்கான நேரடிச் சான்று இன்றும் மெலிவாகவே இருக்கிறது. ஊகத்தை நிரூபணமாக எண்ணிக் கற்பிப்பது வகுப்பறையின் வசதி.

2014-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கார்வாலோவின் ஆய்வு எண்ணிக்கைக் குறையைத் தீர்த்தது. 1,887 மாடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே ஹார்மோன் திட்டப்படி குறித்த நேரத்தில் கருவூட்டல். எனவே பருவத்தைக் கண்டுபிடிப்பதில் வரும் பிழை விலக்கப்பட்டது. ஈன்றதிலிருந்து 21 நாளில் இளைத்தவற்றில் 25.1 விழுக்காடு சினையாயின. அப்படியே இருந்தவற்றில் 38.2, தேறியவற்றில் 83.5. ஈனும்போது மூன்று குழுக்களின் உடல்நிலையும் ஏறக்குறைய ஒன்று.

வடிவமைப்பு நேர்த்தியானது, பின்னிணைந்த இன்னொரு சோதனையில், மிக அதிகம் எடையிழந்த மாடுகளின் கருப்பையைக் கழுவி எடுத்த கருக்களில் சிதைந்தவை மிகுந்திருந்தன என்பதும் பிரிட்டின் பக்கம் சாய்கிறது. ஆனால் 83.5 என்ற எண்ணைப் பார்த்ததும் தேர்ந்த வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டும். கறவை ஹோல்ஸ்டீன் இனத்தில் ஒரு கருவூட்டலுக்கு நூற்றுக்கு நாற்பது நின்றாலே நல்ல பண்ணை. ஈன்ற மூன்று வாரத்தில் இளைப்பதே பொதுவான வழக்கம். அதில் தேறும் மாடு எப்படிப்பட்ட மாடு? அதற்குக் கருப்பை அழற்சியில்லை, நஞ்சுக்கொடி தங்கவில்லை, மடிநோயில்லை, கால் நொண்டவில்லை என்று எண்ணவே இடமுண்டு. யாரும் எந்த மாட்டையும் குலுக்கிப் போட்டு, நீ தேறு, நீ இளை என்று பிரிக்கவில்லை. நோயுற்ற மாடு தீனி குறைக்கிறது, அதனால் இளைக்கிறது, அதே நோயால் சினையும் நிற்பதில்லை. இளைப்பு இங்கே காரணமா, நோயின் சாட்சியா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது. 2016-இல் ரிபேரோ குழுவினர் ஈன்ற பின் வரும் அழற்சி நோய்களின் கெடுதல் மாதங்கள் கழித்தும் கருவைத் தொடர்கிறது என்று காட்டினார்கள். 2021-இல் ஹோர்ஸ்ட், பாம்கார்ட் உள்ளிட்டோர் இன்னும் ஒருபடி மேலே போய், இரத்தத்தில் கொழுப்பு அமிலமும் கீட்டோனும் ஏறுவதே பல நேரங்களில் நோய்த்தடுப்பு மண்டலம் விழித்துக்கொண்டதன் விளைவு என்று வாதிட்டார்கள். அவர்கள் வாதம் முழுதும் நிலைபெறவில்லை. எனினும் பழைய கோட்பாட்டிடம் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டது.

காரணத்தின் திசையையே திருப்பிப் போட்ட ஆய்வும் உண்டு. மிடில்டன், மினேலா, பர்ஸ்லி 2019-இல் முன்வைத்த 'உயர் கருவளச் சுழற்சி' அது. ஈன்ற பின் சீக்கிரம் சினையான மாடு சீக்கிரம் ஈனுகிறது. கறவையின் பிற்பகுதியில் நீண்ட நாள் நின்று கொழுக்க அதற்கு நேரமில்லை. அளவான உடலோடு ஈனுவதால் குறைவாக இளைக்கிறது. மறுபடி சீக்கிரம் சினையாகிறது. தாமதமாகச் சினையான மாட்டுக்கு இதுவே தலைகீழ். அப்படியானால் இளைப்பு, சினை தவறியதன் காரணம் மட்டுமில்லை, முந்தைய ஈற்றில் சினை தவறியதன் விளைவும்கூட. இதுவும் கவனித்துப் பெற்ற தொடர்புதான், கையால் மாற்றிப் பெற்றதில்லை; ஆனாலும் ஒரு பசுவின் வாழ்வை ஒரு ஈற்றோடு வெட்டிப் பார்க்கும் பழக்கத்தை உடைத்தது.

தீவனத்தை மாற்றிக் கருவளத்தை உயர்த்த முடியுமா என்று நேராகக் கேட்ட ஆய்வுகளில் பிரிட்டனின் இரண்டு தனித்து நிற்கின்றன. 2002-இல் காங் குழுவினர் மாவுச்சத்து மிகுந்த, இன்சுலினைத் தூண்டும் தீவனம் கொடுத்தார்கள். 50 நாளுக்குள் முட்டை வெளியான மாடுகள் 55-இலிருந்து 90 விழுக்காடாயின. கோட்பாடு கணித்தது நடந்தது. அதே இன்சுலின் அளவுக்கு மிஞ்சினால் முட்டையின் தரம் குறைகிறது என்ற ஐயமும் உடன் எழுந்தது. 2009-இல் கார்ன்ஸ்வொர்தி குழுவினர் அதைச் சோதித்தார்கள்: சுழற்சி தொடங்கும் வரை இன்சுலினை உயர்த்தும் தீவனம், தொடங்கிய பிறகு அதைத் தாழ்த்தும் தீவனம். ஈன்ற 120 நாளில் அப்படி மாற்றிய குழுவில் 60 விழுக்காடு சினை. மற்ற குழுக்களில் 27. சிறிய சோதனை, பெரிய பண்ணைகளில் இன்னும் பலமுறை நிறுவப்பட வேண்டிய முடிவு. ஆனால் இந்தத் துறை முழுவதிலும் கருத்தளவில் கூர்மையானது இதுதான் என்பேன். சுழற்சியை எழுப்புவதும் முட்டையைக் காப்பதும் வேறுவேறு ஹார்மோன் நிலைகளைக் கேட்கின்றன என்றால், 'நன்றாகத் தீனி போடு' என்ற ஒற்றை அறிவுரையால் இரண்டையும் சாதிக்க முடியாது.

தீனியைக் கூட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. அதிகம் தின்னும் மாட்டின் கல்லீரலில் இரத்த ஓட்டம் பெருகுகிறது. ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டிரோனும் அங்கே வேகமாக அழிகின்றன. விஸ்கான்சினில் லோபஸ் அளந்ததில், நாளுக்குச் சராசரி 46 கிலோ பால் கொடுத்த மாடுகளின் பருவம் 6.2 மணி நேரமே நீடித்தது. 33 கிலோ கொடுத்தவற்றுக்கு 10.9 மணி. இரவில் வந்து விடியுமுன் முடிந்துபோகும் பருவத்தைக் காலையில் தொழுவத்துக்கு வருபவர் எப்படிப் பார்ப்பார்? பண்ணைகளில் 'பருவத்துக்கே வரவில்லை' என்று எழுதப்படும் மாடு வந்து போன மாடாகவும் இருக்கலாம்.

பால்தான் கருவளத்தைக் கெடுக்கிறது என்ற மேலோட்டமான வாதத்தை முறித்தது அயர்லாந்து. மூர்பார்க் ஆய்வு நிலையத்தில் பால் தரும் மரபுத் திறன் ஒன்றாகவும், கருவள மரபுத் திறன் இரு கோடிகளாகவும் உள்ள ஹோல்ஸ்டீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்தார்கள். நல்ல கருவள மரபுடையவை உடல் தேறி நின்றன, ஐஜிஎஃப்-1 உயர்ந்திருந்தது, பருவம் தெளிவாக வந்தது, பாலில் குறைவில்லை. மாடுகளின் எண்ணிக்கை அதிகமில்லை, மேய்ச்சல் முறைப் பண்ணை என்பதும் பொதுமைக்கு ஓர் எல்லை. இருந்தும் இது பாலையும் பலவீனத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டியது. அமெரிக்காவில் 2003-இல் காளைகளின் மதிப்பீட்டில் மகள்களின் சினைவிகிதம் சேர்க்கப்பட்ட பிறகு, பல பத்தாண்டுகளாக நடந்த கருவளச் சரிவு நின்று, கருவளம் மெல்ல மீண்டது. பால் ஏறிக்கொண்டே இருந்தது. மத்தேயு லூசி 2001-இல் இந்தச் சரிவு எங்கே போய் முடியும் என்று தலைப்பிலேயே கேட்ட கட்டுரையின் கவலை நியாயமானது. ஆனால் விடை தீவனத் தொட்டியில் இருந்ததைவிட இனத்தேர்வில்தான் அதிகம் இருந்தது.

ஹார்மோன் ஊசித் திட்டங்களுக்கு இந்த எடையில் எந்த இடம்? 1995-இல் பர்ஸ்லியும் மீயும் வில்ட்பேங்கும் தந்த ஓவ்சிங்க் ஒரு நேர்த்தியான கணக்கு: முதல் நாள் ஜிஎன்ஆர்எச், ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், இரண்டு நாள் கழித்து மறுபடி ஜிஎன்ஆர்எச், பதினாறு முதல் இருபது மணி நேரத்தில் கருவூட்டல். பருவத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. லோபஸ் காட்டிய ஆறு மணி நேரச் சிக்கலுக்கு இது முழு விடை. முட்டையின் தரத்துக்கு இது விடையில்லை, அப்படி அது உரிமை கோரவும் இல்லை. உரிமை கோரியவர்கள் விற்பனையாளர்கள். 2008-இல் வந்த இரட்டை ஓவ்சிங்க், நின்றுபோன சுழற்சியை முதல் சுற்றில் எழுப்பி இரண்டாம் சுற்றில் கருவூட்டியதால் பலன் கூடியது. அங்கேயும் கார்வாலோவின் மாடுகளைப் பாருங்கள்: எல்லாம் ஒரே ஊசி, ஒரே நேரம், 25-க்கும் 83-க்கும் இடையே அவ்வளவு தூரம். நேரத்தை ஊசி சீர்செய்யும்; உடல் கொண்டுவந்ததை அது மாற்றாது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கோட்பாடு இறக்குமதியான விதத்தில் ஒரு முறைப் பிழை உண்டு. ஹோல்ஸ்டீன் ஆய்வுகளின் சிக்கல், கொழுத்து ஈன்று வேகமாக இளைக்கும் மாடு. நம் ஊர் ஜெர்சி கலப்பினத்தின் சிக்கல் பெரும்பாலும் மெலிந்தே ஈனும் மாடு. ரோச் குழுவினர் 2009-இல் தொகுத்ததன்படி, ஈனும்போது 3 முதல் 3.25 மதிப்பெண் உகந்தது. அதற்கு மேலும் கேடு, கீழும் கேடு. ஆக ஒரே கோட்பாடு அங்கே குறை என்கிறது, இங்கே கூட்டு என்கிறது. இங்கே வரும் கையேடுகள் ஈன்ற பின் தரும் தீவனத்தையும் தாது உப்புக் கலவையையும் பற்றி விரிவாகப் பேசுகின்றன. பராமரிப்புக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஏழாம் மாதத்திலிருந்து சினை மாட்டுக்குக் கூடுதலாக ஒரு கிலோவுக்கு மேல் என்ற மூன்றாவது வரி காகிதத்தில் இருக்கிறது, தொழுவத்தில் இல்லை. பால் சங்கத்தில் இன்றைய லிட்டருக்குத்தான் இன்று காசு. பால் வற்றியதும் பிண்ணாக்கு நிற்கிறது, மாடு வைக்கோலுக்குத் தள்ளப்படுகிறது. வைக்கோலில் புரதமும் ஆற்றலும் சொற்பம்; அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஈன்ற பிறகு இன்சுலின், ஐஜிஎஃப் என்று விளக்குவதற்கு முன்பே கணக்கு கெட்டிருக்கிறது.

இன்னொன்று. ஹோல்ஸ்டீன் ஆய்வுகளில் கன்றை முதல் நாளே பிரித்துவிடுவதால் கன்று ஊட்டுதல் கணக்கிலேயே வரவில்லை. இங்கே கறவைக்கு முன்னும் பின்னும் கன்று மடியில் முட்டுகிறது. கன்றின் நெருக்கமும் ஊட்டலும் எல்எச் துடிப்பை அடக்கும் என்பது இறைச்சி மாட்டினங்களிலும் நாட்டினங்களிலும் நன்கு நிறுவப்பட்டது. ஆற்றல் பற்றாக்குறையை மட்டும் வைத்து இந்த மாட்டின் தாமதத்தை அளப்பவர், அளவுகோலின் பாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்.

ஆகவே என் தீர்ப்பு பிளவுபட்டது. சுழற்சி திரும்புதலுக்கு ஆற்றல் கோட்பாடு முதல் தரம்; அதன் இயங்குமுறை சோதனையால் உறுதிப்பட்டது. சினை நிற்றலுக்கு அது இரண்டாம் தரம்: தொடர்பு உண்மை, காரணம் கலங்கலானது, அளவு மிகைப்படுத்தப்பட்டது, நோய்க்கும் மரபுக்கும் தர வேண்டிய பங்கைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது. பிரிட்டின் ஊகம் பயனுள்ள வழிகாட்டி, சட்டமாக்கத் தகுதியில்லை. ஓவ்சிங்க் தன் எல்லைக்குள் குறையற்றது. நம் சூழலுக்கு இன்னும் செய்யப்பட வேண்டிய ஆய்வு எளிமையானது: கலப்பினச் சினை மாடுகளைக் குலுக்கிப் பிரித்து, கடைசி இரண்டு மாதம் ஒரு பாதிக்கு வழக்கமான வைக்கோல், மறுபாதிக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், கன்று ஊட்டுதலை இரு பாதியிலும் ஒரே மாதிரி வைத்து, ஈன்ற பின் வாராவாரம் புரோஜெஸ்டிரோன் அளந்து, முதல் சுழற்சியையும் முதல் சினையையும் தனித்தனியே எண்ண வேண்டும்.